நேர் ரோட்டுக்கு ஒரு கோணல் யோசனை

ஏலே பேராண்டி, ஆஸ்திரேலியாவுல நல்லர்பார் பொட்டலைச் சைக்கிள்லயே தாண்டப் போறியாம்லா? உங்கம்மை வந்து சொல்லிட்டு அழுதா. நான் தேத்தி அனுப்பிட்டேன். "புள்ள விலை கூடுன சைக்கிள்ல போறான், தலையில ஹெல்மெட் போடுவான், மேக்கொண்டு என்ன வேணும்?"னு கேட்டேன். மேக்கொண்டு என்ன வேணும்ங்கிறதை உங்கிட்ட மட்டும் சொல்லலாம்னு வச்சிருக்கேன்.

உங்க அத்தை பெர்த்துல இருக்கப்போயி அந்த ரோட்டை நான் கார்ல உக்காந்து பாத்திருக்கேன். கார்ல போனவன் சைக்கிள்காரனுக்குப் புத்தி சொல்லலாமான்னு கேப்ப. மிதிக்கிறவன் கண்ணு முன்சக்கரத்துலதானலே இருக்கும். சும்மா உக்காந்து போனவனுக்குத்தான் எல்லாம் கண்ணுல படும்.

சாமானைப் பரப்பி வச்சிருந்தியே, பாத்தேன். பறக்கிற கேமரா ஒண்ணு, தலையில மாட்டுத கேமரா ஒண்ணு, கையில பிடிக்கதுக்கு ஒண்ணு. ரொம்ப நல்லது. ஆனா நீ தாண்ட வேண்டியது நார்ஸ்மன்லேந்து சிடுனா வரைக்கும் 1200 கிலோமீட்டர் சொச்சம். நார்ஸ்மனை விட்டுக் கிழக்க கிளம்புனா அடுத்த கடை பலடோனியாவுல, 190 கிலோமீட்டர் தள்ளி. அதை விட்டா கைகுனா, அது ஒரு 180. கடைன்னா பெட்ரோல் பங்கு, சாப்பாடு, படுக்க அறை எல்லாம் ஒரே கூரைக்குள்ள. ரோடுஹவுஸ்ங்காங்க. நடுவுல ஊரு கிடையாது, டீக்கடை கிடையாது, "அண்ணாச்சி, ஒரு சொம்பு தண்ணி"ன்னு தட்டுறதுக்குக் கதவு கிடையாது.

அந்த வெயில்ல மிதிக்கிறவனுக்கு நாளொண்ணுக்கு எட்டு பத்து லிட்டர் தண்ணி ஆகும். லிட்டருக்கு ஒரு கிலோ. ரெண்டு நாளுக்குன்னு பாத்தா இருவது கிலோ உன் கேரியர்ல தொங்கும். அதனால எனக்குத் தோணுதது என்னன்னா, தண்ணியைக் குறைச்சுக்கோ, கேமராவைக் குறைச்சிராத. நாக்கு வறண்டு விழுறதைப் படம் பிடிக்கதுக்கு ஏதாவது வேணும்லா.

மேப்புல அங்கங்க மழைத்தண்ணித் தொட்டின்னு போட்டிருக்கும். தொட்டி இருக்கும், பொய் இல்ல. உள்ள தண்ணி இருக்கான்னு மேப்புக்குத் தெரியாது. ரோடுஹவுஸ்ல குழாயைத் திறந்து ரொப்பிக்கிடலாம்னு கனாக் காணாத. அங்க பூமிக்குள்ள இருக்கது உப்புத்தண்ணி. நல்ல தண்ணிக்குக் கடைக்காரனே பாடுபடுதான். துட்டைக் குடுத்துப் பாட்டில் வாங்கு.

பேனர் அடிக்கப் போறதாவும் கேள்விப்பட்டேன், சைக்கிள்ல முதல் சாதனைன்னு. அடி. ஆனா 1896 நவம்பர்ல ஆர்தர் ரிச்சர்ட்சன்னு ஒருத்தன் கூல்கார்டியில சைக்கிள் ஏறி அடிலெய்டுல போய் இறங்கியிருக்கான். 31 நாள். தந்திக் கம்பியைப் பாத்துக்கிட்டே போயிருக்கான், ரோடுன்னு சொல்லிக்கிட ஒண்ணும் கிடையாது. சின்ன மூட்டை, ஒரு தண்ணிப்பை, அம்புட்டுதான். அதோட சும்மா இருந்தானா? 1899ல பெர்த்துலேந்து கிளம்பி நாட்டையே ஒரு சுத்து சுத்திட்டு 1900ல வந்து நின்னான். நீ போற ரோட்டுக்கு 1976லயே முழுக்கத் தார் போட்டு முடிச்சாச்சு. அதனால பேனர்ல "முதல்"ங்கிறதை எடுத்துட்டு "தார் ரோட்டில்"னு போட்டுக்கோ. எழுத்துக் கூலியில பெரிய வித்தியாசம் வராது.

அந்த ரோட்டுக்கு எட்வர்ட் ஏர்னு ஒரு வெள்ளைக்காரன் பேரை வச்சிருக்காங்க. 1841ல குதிரையோட அந்தக் கடலோரமாப் போனவன். தண்ணி இல்லாம, விடியுமுன்ன செடியில விழுந்திருக்க பனியை ஸ்பாஞ்சுல ஒத்தி எடுத்துக் குடிச்சிருக்கான். மணலைத் தோண்டுனா எங்க ஊறும்னு அந்த மண்ணுக்காரங்கதான் அவனுக்குக் காட்டிக் குடுத்தாங்க. கடைசி வரை கூட நடந்து ஆல்பனியில போய்ச் சேந்தவன் வைலின்னு ஒரு பழங்குடிப் பையன். ரோட்டுக்குப் பேரு வைக்கும்போது அவனை யாரு கேட்டா? உனக்கும் எவனாவது வழியில தண்ணி குடுப்பான். வீட்டுக்கு வந்து கதை சொல்லும்போது அவனையும் சேத்துச் சொல்லு, பாப்போம்.

பலடோனியா தாண்டுனதும் வருது பாரு, 146.6 கிலோமீட்டர் ஒரே நேர் ரோடு. ஒரு வளைவு இல்ல. உனக்குன்னே போட்ட ரோடுலே அது. சின்னதுலயே உனக்கு ஹேண்டில்பாரைத் திருப்ப வராது, தெருமுக்குச் சுவர் எல்லாத்துக்கும் தெரியும். கார்ல போகும்போதே உங்க மாமா கண்ணசந்துருவாரோன்னு உங்க அத்தை நம்ம ஊர்ல ஒரு வீடு விடாம வம்பு பேசிக்கிட்டே வந்தா. உனக்கு யாரு பேசுவா? காத்து பேசும். மேக்க இருந்து கிழக்க காத்து தள்ளிவிடும்னு நம்பித்தான் முக்காவாசிப்பேரு பெர்த் பக்கத்துலேந்து கிளம்புதாங்க. காத்துக்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலை. வெயில் காலத்துல அது திரும்பி உன் மூஞ்சியிலயே அறையும். எதிர்க்காத்து அடிச்சா மேட்டுல ஏறுற மாதிரி மிதிக்கணும், மேடுன்னா அந்தப் பக்கம் ஒரு இறக்கமாவது இருக்கும். அதனால நீ வழக்கம்போல ஒம்பது மணிக்கு எந்திரி. பல்லு விளக்கு, காபி போடு, போட்டோ எடுத்துப் போடு. அதுக்குள்ள வெயிலும் காத்தும் தயாராகி உனக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். விட்ட நேரத்தைச் சாயங்காலம் பிடிச்சிரலாம்னு இருட்டுல மிதிச்சா, கங்காருவும் அந்த நேரத்துலதான் உலாத்த வரும். அதுக்கு உன் சாதனை தெரியாது.

லாரியைப் பத்திச் சொல்லணும். ரோடு டிரெயின்ங்காங்க, ஒரு லாரி பின்னால பெட்டியைக் கோத்துக் கோத்து 36 மீட்டர் நீளம் வரும். வேகத்தைக் குறைக்க அவனுக்கு எம்புட்டுத் தூரம் வேணும்னு நீயே கணக்குப் போடு. எதுத்தாப்புல ஒண்ணு, பின்னால ஒண்ணு ஒரே இடத்துல சந்திச்சிச்சுன்னா, அந்த இடத்துல நீ இருக்கப்படாது. இறங்கி சரளையில நின்னு கும்பிடு போடு. இல்ல, சைக்கிளுக்கும் ரோட்டுல உரிமை உண்டுன்னு சட்டம் பேசணும்னா பேசு, சட்டம் உன் பக்கந்தான். அடிபட்டா, பறக்கிற டாக்டர் விமானத்துல வந்து இறங்கதுக்கு அங்கங்க ரோட்டையே அகலமாக்கி வெள்ளைக்கோடு போட்டு ஓடுதளமா வச்சிருக்காங்க. ரோட்டுக்கே வந்து விமானம் ஏத்திட்டுப் போகும். நம்ம வம்சத்துல யாருக்கும் கிடைக்காத மரியாதை.

லாரி போனப்புறமும் விடாது பாத்துக்கோ. வெடிச்ச லாரி டயர்லேந்து தலைமுடி மொத்தத்துல கம்பி சிதறிக் கிடக்கும், டயரைத் துளைச்சு டியூப்புக்குள்ள போயிரும். விரலால தடவித் தேடி எடுக்கணும். எடுக்காம டியூப்பை மட்டும் மாத்துனா பஞ்சர்க்கடை வருமானம் பூரா உனக்கே. சைக்கிளை ஓரமாச் சாச்சா அங்க நெருஞ்சி முள்ளு. ஆமா, நம்ம நெருஞ்சியேதான், அந்த நாட்டுலயும் களையாப் பரவிக் கிடக்கு. உள்ளூர்க்காரன்னு உன்னை விடாது.

வழியில ஆப்பிள் வாங்குனா அன்னைக்கே தின்னு தீத்துரு. பூச்சி பரவக் கூடாதுன்னு சிடுனாவுல நிறுத்திப் பழம், காய் எல்லாத்தையும் வாங்கித் தொட்டியில போட்டுருவாங்க. நாள்கணக்காப் பொத்திப் பொத்திச் சுமந்து அரசாங்கத் தொட்டிக்கு தானம் பண்ணுன பேரு கிடைக்கும். வழியில வர்ற யூக்லா பக்கத்துல கடிகாரத்தை முக்கால் மணி தள்ளி வைப்பாங்க. அது அரசாங்கக் கணக்கு இல்ல, அந்தச் சனங்களா வச்சுக்கிட்டது. மெதுவாப் போற அன்னைக்கு அந்த முக்கால் மணி மேல பழியைப் போட்டுரு.

பைத்தியம்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு மட்டும் வெக்கப்படாத. அந்த ரோட்டையும் சேத்து 1365 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோல்ஃப் மைதானம் போட்டிருக்காங்க. பதினெட்டுக் குழி, ஒரு குழியில பந்தைத் தள்ளிட்டு அடுத்த குழிக்குக் கார்ல போகணும். 1979ல ஸ்கைலேப்ங்கிற விண்வெளி நிலையம் உடைஞ்சு அந்தப் பக்கம் விழுந்தப்போ, குப்பை போட்டேன்னு எஸ்பரன்ஸ் ஊராட்சி நாசாவுக்கே 400 டாலர் அபராதம் போட்டுது. அப்பேர்ப்பட்ட ஆளுங்க நடுவுல நீ சாதாரணம். பிஸ்கட் பாக்கெட்டுத் தாளை மட்டும் பையில போட்டுக்கோ.

கேரவனை இழுத்துக்கிட்டு எழுவது வயசுக் கிழவன் கிழவி ஜோடி ஜோடியா வருவாங்க. வண்டியை ஓரங்கட்டி, "தம்பி, எதுக்கு இப்பிடி?"ன்னு கேப்பாங்க. நீ பதில் தயார் பண்ணி வச்சிருக்கன்னு தெரியும், இங்கிலீஷ்ல ஒத்திகை பாத்ததைக் கேட்டேன். தன்னைத் தேடிப் போற பயணம் அது இதுன்னு. அதெல்லாம் சொல்லிக்கிட்டு நிக்காதலே. பல்லைக் காட்டிட்டு பாட்டிலை நீட்டு. ரொப்பிக் குடுப்பாங்க, கேக்கு இருந்தாலும் குடுப்பாங்க.

அப்பவும் முடியலையா? கட்டை விரலைத் தூக்கிக் காட்டு. எவனாவது சைக்கிளைத் தூக்கி மேல போட்டு உன்னை முன்னால உக்கார வைப்பான். இங்க வந்து மொத்தமும் மிதிச்சேன்னே சொல்லு. நான் நம்புவேன், ஊரும் நம்பும், பேனரைக் கூட நானே கட்டுதேன். உங்க அத்தை மட்டும் நம்ப மாட்டா. எந்த ரோடுஹவுஸ்ல எந்த ராத்திரி படுத்தன்னு ஒண்ணொண்ணாக் கேப்பா, அவளுக்கு இப்பவே ஒரு சேலை எடுத்து வச்சிரு.