வாசற்காவலர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கும்மிடிப்பூண்டி சிப்காட் சிறு பட்டறைக்காரர்களின் மின்னஞ்சல் குழுவை நடத்துபவன் (நம்பமாட்டீர்கள், இருந்தாலும்).

பெறுநர்: பெரிய மின்னஞ்சல் நிறுவனங்களின் வாசற்காவலர்.

பொருள்: எங்கள் கடிதங்களை எங்களிடமிருந்தே காப்பாற்றியதற்கு நன்றி.

மகா கனம் பொருந்திய ஐயா,

உங்கள் கேட் சட்டம் எங்களுக்கு அத்துப்படி. எஸ்பிஎஃப் என்பது அனுமதித்த வண்டிகளின், அதாவது சர்வர்களின், பட்டியல். டிகிம், மூட்டைமேல் வைத்த சீல். இரண்டில் ஒன்றாவது அனுப்பியவர் பெயரோடு பொருந்தாவிட்டால் சரக்கை என்ன செய்வது என்று அனுப்பும் கம்பெனியே எழுதிவைக்கும் உத்தரவு டிமார்க். ‘ரிஜெக்ட்’ என்றிருந்தால் திருப்பிவிடுவீர்கள்.

எங்கள் லேத் பட்டறைக்காரர் ஒருவர், நாளை மின்தடை என்று குழுவுக்கு எழுதினார். குழு வழியாகப் போனதால் வண்டி எங்களுடையது. அடியில் ‘குழுவிலிருந்து விலக’ என்ற வரியைச் சேர்த்ததால் சீலும் போயிற்று. திருப்பிவிட்டீர்கள். இப்படியே சில கடிதங்கள் திரும்பியதும், பெறுபவரின் முகவரியே செத்துவிட்டதென்று எங்கள் சர்வர் அவரைக் குழுவிலிருந்து நீக்கியது. எழுதியவர் ஒருவர், மறுத்தவர் நீங்கள், தண்டனை வாய்திறக்காத மூன்றாமவருக்கு. மனுநீதிச் சோழனுக்கும் தோன்றாத நீதி!

2014 ஏப்ரலில் யாஹூவும் ஏஓஎல்லும் ‘ரிஜெக்ட்’ போட்டபோது உலகெங்கும் குழுக்கள் இப்படித்தான் குலைந்தன. டிமார்க், ஆர்எஃப்சி 7489 என்ற இணைய ஆவணமாக வெளிவந்ததோ 2015 மார்ச்சில். அதுவும் வெறும் ‘தகவலுக்காக’ என்ற வகையில். 2024 முதல் ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 அஞ்சலுக்குமேல் அனுப்புவோருக்கு டிமார்க் கட்டாயம். சந்தா அஞ்சல் என்றால் விலகும் இணைப்பும் கடிதத்துக்குள்ளேயே தெரியவேண்டுமாம். ஒட்டு என்பதும் நீங்களே, ஒட்டினால் சீல் உடைந்தது என்பதும் நீங்களே.

வேறு வழியின்றி இப்போது அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியையே போடுகிறோம். ரோலிங் மில்காரரும் லேத்காரரும் ஒரே முகவரியில் குடியிருக்கிறார்கள். பதில் குழுவுக்கே போவதால், ஒருவருக்கு மட்டும் என்று எழுதிய கொட்டேஷனை ஊரே படிக்கிறது.

வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டொமைன் வாங்கிய மோசடிக்காரனுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் ஒழுங்காக வைத்துக்கொண்டு சல்யூட் வாங்கி உள்ளே போகிறான்.

இடையில் கைமாறிய கடிதம் முதலில் சோதனையில் தேறியதா என்று சாட்சி சொல்ல, 2019இல் ஏஆர்சி வந்தது. அந்தச் சாட்சியை நம்புவதும் தள்ளுவதும் உங்கள் சித்தம். ஆகவே கேட்பது இரண்டே: யாருடைய சாட்சியை எதனால் ஏற்பீர்கள் என்று வெளிப்படையாக எழுதிவையுங்கள், சிறிய குழுக்கள் முறையிட, பதில் சொல்லும் ஒரு மனிதரை அமர்த்துங்கள். இந்த விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறோம். மின்னஞ்சலில் அனுப்பினால் உங்களுக்கு வந்து சேராது.