திருடனைத் தவிர எல்லோரையும் பிடிக்கும் சைரன்

ஜெனீவாவில் கூடி உலகத்து வண்டிகளுக்கெல்லாம் விதி எழுதும் வாகன விதிமுறை அரங்கத்தாரின் மேலான சமூகத்திற்கு,

கார் அலாரம் எப்படிக் கூவ வேண்டும் என்பதற்குத் தங்கள் 97-ஆம் விதிமுறை இலக்கணமே வகுத்திருக்கிறது. ஒரு தடவை கூவினால் 25 விநாடிக்குக் குறையக் கூடாது, 30 விநாடியைத் தாண்டக் கூடாது. மறுபடி சீண்டினால்தான் மறுபடி கூவலாம். நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் பேட்டரியை மாற்ற பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைத் தளர்த்தும் மெக்கானிக்கை யாராவது நினைத்துப் பார்த்தீர்களா? வயரைத் துண்டித்தால் வண்டி ஊமையாகிவிடக் கூடாதென்று பல கார்களில் சைரனுக்குள்ளேயே குட்டி பேட்டரி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மின்சாரம் நின்றதும் அது அலறும். கிளாம்ப் சரியாக உட்காராமல் தொட்டுத் தொட்டு விலகினால், ஒவ்வொரு தொடுதலும் புதிய சீண்டல். ஒவ்வொன்றுக்கும் புதிதாக 30 விநாடி. பேட்டரி அடியோடு செத்துப்போன வண்டியில் இன்னும் விசேஷம். ரிமோட்டை அமுக்கினால் கேட்க உள்ளே ஆள் இல்லை. சாவியால் கதவைத் திறந்து புது பேட்டரியை மாட்டினால், பூட்டிய நிலையிலேயே மயங்கிக் கிடந்த அலாரம் கண் விழித்து, எதிரே நிற்பவரைத் திருடன் என்று ஊருக்கு அறிவிக்கிறது. குட்டி பேட்டரி பழசாகிக் கசிந்தாலோ, அலற மெக்கானிக்கும் வேண்டாம், திருடனும் வேண்டாம். நடுராத்திரி ஒன்று போதும். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் அனுமதிப்பது 45 டெசிபெல். சைரனோ நூறைத் தாண்டுகிறது.

இத்தனை சத்தத்துக்கும் திருடன் அஞ்சினால் பொறுத்துக்கொள்ளலாம். சைரன் கேட்டு யார் ஓடி வருகிறார்கள்? ஜன்னலைச் சாத்துகிறார்கள். திருட்டை உண்மையில் மட்டுப்படுத்தியது வாயே திறக்காத ஒரு சாதனம். சாவியில் இருக்கும் சில்லை அடையாளம் காணாவிட்டால் இன்ஜினைக் கிளம்ப விடாத இம்மொபிலைசரை ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்துத் தரவுகளை அலசிய பொருளியலாளர்கள், அதனால் கார்த் திருட்டு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அந்த ஊமைப் பூட்டுக்கு யாரும் விழா எடுக்கவில்லை.

வயரை அறுத்ததும் அலாரம் அடங்கிவிட்டால் அது என்ன அலாரம் என்று தங்கள் நிபுணர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூட்டிக் கிடக்கும் வண்டியில் கைவைத்தால் தாராளமாக அலறட்டும். சாவியைப் போட்டு இக்னிஷனைத் திருப்பிய பிறகுமா அதற்கு ஆள் அடையாளம் தெரியவில்லை? சில தயாரிப்பாளர்கள் இதற்கு வழி வைத்தும் இருக்கிறார்கள்: இக்னிஷனை ஆன் செய்து, ஆஃப் செய்து, அடுத்த சில விநாடிகளுக்குள் டெர்மினலைக் கழற்றினால் சைரன் வாய் திறக்காது. தனியாக வாங்கி மாட்டும் சில சைரன்களில் அதை அணைக்கவே ஒரு குட்டிச் சாவி உண்டு. ஆனால் இந்த ரகசியம் கையேட்டின் ஏதோ ஒரு பக்கத்தில் உறங்குகிறது. கையேடு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உறங்குகிறது. குட்டிச் சாவி எங்கே உறங்குகிறது என்பது முதல் உரிமையாளருக்கே வெளிச்சம்.

பேட்டரிக்குப் பக்கத்தில் இந்த இக்னிஷன் வழியை எழுதி ஒட்டினால் திருடனும் படித்துவிடுவானே என்ற பயம் வரலாம். ஒட்டப்போவது ‘சாவியைத் திருப்பு’ என்பதைத்தான். சாவி இல்லாத திருடனுக்கு அதைப் படித்துப் பயனில்லை. சாவி உள்ள திருடன் பானெட்டைத் திறக்கவே மாட்டான், ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

ஆகவே அந்த வழியை எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரி ஆக்கி, பேட்டரித் தட்டின் மேல் நாலு வரியில் ஒட்ட உத்தரவிடுமாறு கோருகிறோம். அவசியம் விளங்கவில்லை என்றால், அடுத்த கூட்டத்தின்போது பிரதிநிதிகளின் கார்களைத் தங்கள் மாளிகை வாசலில் வரிசையாகப் பூட்டி நிறுத்தி, ஆளுக்கொரு ஸ்பேனர் கொடுங்கள். கையேடு கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
காது கேட்கும் நிலையில் இன்னும் உள்ள பொதுஜனம்