‘நாய் ஜாக்கிரதை’: தொக்கி நிற்கும் வேற்றுமையும் பெருநாய்களின் காவல் இயல்பும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் இரும்புக் கதவுக்குப் பின்னே கிடக்கும் பெருநாய்களைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு தொடங்கவேண்டிய காலம் வந்துவிட்டது. முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் கூடியது. ஆகவே களம் புனிதமானது. ஆய்வென்றால் முதலில் வகைப்பாடு வேண்டும். நாய்கள் மூவகைப்படும்: குரைப்பன, கடிப்பன, உறங்குவன. முன்னிரண்டும் யாவரும் அறிந்தவை, விடுக. மாஸ்டிஃப், கிரேட் டேன் முதலிய பேருடல் இனங்கள் மூன்றாம் வகையில் அடங்கும். இவற்றின் காவல் ஆற்றல் நாயிடத்தில் இல்லை, கதவில் தொங்கும் பலகையிடத்திலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இயல்பை முதலில் காண்போம். நாயைப் புலிக்கு நிகராக்க விரும்புவோர், தொல்காப்பிய மரபியல் இரண்டன் குட்டிக்கும் ‘குருளை’ என்ற ஒரே பெயரை வழங்குவதைச் சான்று காட்டலாம். அதே நூற்பா பன்றியையும் முயலையும் உடன் சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றில் வேண்டிய பாதியை மேலே வைத்து, வேண்டாத பாதியை அடிக்குறிப்புக்கு அனுப்புவது ஆய்வுலக மரபாதலின் குற்றமில்லை. 2008-இல் டஃபி, சூ, செர்பெல் ஆகியோர் முப்பதுக்கு மேற்பட்ட இனங்களின் சீற்றத்தை ஒப்பிட்டபோது, மனிதரிடமும் பிற நாய்களிடமும் சராசரியை மீறிச் சீறியவற்றுள் சிவாவாவும் டாக்ஸ்ஹண்டும் இருந்தன. கைப்பைக்குள் அடங்குவது கடிக்கிறது. வாசலை அடைத்துக் கிடப்பது கொட்டாவி விடுகிறது. வெயிலும் ஒரு காரணம். நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கவேண்டும். முப்பது டிகிரியைத் தாண்டும் புழுக்கத்தில் கார் போர்ச்சின் டைல் தரையை விட்டு எழுவது எந்தப் பெருநாய்க்கும் அறிவுடைமையாகத் தோன்றாது. தீபாவளி வெடிக்கும், சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் பிறக்கும் நள்ளிரவில் ஹொக்கியன் மக்கள் கொளுத்தும் வெடிக்கும் அது காருக்கு அடியில் புகமுயன்று, இடம் போதாமல் தலையை மட்டும் மறைத்துக்கொள்ளும். பலகையோ அசையாது.

பலகையின் தொன்மைக்குச் சான்று பொம்பெயி. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்நகரின் ஒரு வீட்டு வாசல் தரையில், நாயைக் கண்டு எச்சரிக்கையாயிரு என்னும் லத்தீன் தொடர் சங்கிலி நாயின் உருவத்தோடு இன்றும் இருக்கிறது. அதே ஊரில் வேறொரு வீட்டு நாய் கட்டிய சங்கிலியோடு மாண்டது. நாய் அழிந்தது, பலகை பிழைத்தது; இதற்குமேல் நிறுவ என்ன இருக்கிறது? உரோமானிய வேளாண் நூலார் கொலுமெல்லா, வீட்டுக் காவல் நாய் கறுப்பாக இருக்கவேண்டும் என்கிறார்: பகலில் திருடன் அஞ்சுவான், இரவில் அவன் கண்ணுக்கு அது படாது. இதை வைத்துக்கொண்டு நம் பலகையில் உள்ள ‘அவாஸ், அஞ்சிங் காராங்’ என்ற மலாய்த் தொடரை நோக்குக. உலகின் எல்லாச் சொல்லுக்கும் தமிழில் வேர் காணும் அறிஞர் வழியில் நின்றால், ‘அஞ்சிங்’ அச்சத்தின் அடியாகவும், ‘காராங்’ கருமை குறித்த ‘கார்’ என்பதன் அடியாகவும் பிறந்தவை. எனவே கொலுமெல்லா தமிழறிந்தவர். சீனப் பலகை ‘உள்ளே கொடுநாய் உண்டு’ என்று ஏழாம் வேற்றுமையை வெளிப்படையாகவே தந்து ஆய்வாளர் பிழைப்பைக் கெடுக்கிறது. தமிழ்ப் பலகை அவ்வாறு செய்யாது. ‘நாய் ஜாக்கிரதை’ என்பதில் தொக்க உருபு எது? நாயை என இரண்டாவது என்பாரும், நாயின் என ஐந்தாவது என்பாரும் உளராயின், இருவரும் சண்டையிட வேண்டா. அச்சச் சொல்லுக்கு இவ்விரண்டும் ஒக்கும் என்று தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் முன்பே சமரசம் செய்துவிட்டார். நாய்க்கு ஜாக்கிரதை எனின், எச்சரிக்கை நாய்க்கே உரியதாகும். விலையுயர்ந்த நாயைத் திருடுவாரும் உண்டாதலின் இதுவும் பொருந்தும். எழுவாய்த் தொடர் எனின் சிக்கல். ‘ஜாக்கிரதை’ வடமொழியில் விழித்திருத்தலைக் குறித்த சொல்லின் வழிவந்தது. ‘நாய் விழித்திருக்கிறது’ என்று பலகை சொல்ல, நாய் குறட்டை விடும். பலகை பொய் சொல்கிறது எனில் நம் துணிபே சரியும். ஆகவே எழுவாய்த் தொடரன்று என்க.

பலகை குரைக்குமோ எனின், வேண்டா. அடுத்த வீட்டு டாக்ஸ்ஹண்ட் அத்தொழிலை இலவசமாகச் செய்கிறது. திருடன் எழுத்தறியானாயின்? பலகையில் அல்சேஷன் தலை வரைந்திருக்கும், உள்ளே கிடப்பது எந்த இனமாயினும். அற்றாயின் நாயெதற்கு, நகராண்மைக் கழகத்தில் அதற்கு லைசென்ஸ் எதற்கு என்பது வலிய தடை. பலகை சூத்திரம், நாய் உதாரணம். உதாரணமில்லாச் சூத்திரம் மாணவர்க்கு விளங்காது. உதாரணத்தைப் பேணும் முறை சிறிது உண்டு. ஆழ்ந்த மார்புடைய பேரினங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து இருப்பதால், ஒரே வேளை மலையாகக் கொட்டாமல் பிரித்து ஊட்டி, உண்டதும் ஓடவிடாதிருக்க வேண்டும். கிள்ளானின் பக்குத்தே சட்டியில் மிஞ்சிய எலும்பைப் போடலாகாது. வெந்த எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கிரேட் டேன் வாழ்வது ஏழு முதல் பத்தாண்டு வரை. பலகை, ஆண்டுக்கொரு பூச்சு இருந்தால், வீட்டுக் கடனையும் தாண்டி வாழும்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளில் தனிக் கதவுமில்லை, பலகையுமில்லை, விடுக. எஞ்சுவது ஒன்று: நாயே இல்லாத வீட்டில் தொங்கும் பலகை. அங்கே இரண்டாவதும் ஐந்தாவதும் செல்லா. விளி ஒன்றே பொருந்தும்: நாயே, ஜாக்கிரதை! விளிக்கப்படுபவர் வாசலில் நின்று அதை வாசிப்பவர். திருடன் நின்று வாசிப்பதில்லை. அஞ்சல்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். உருபு எது என்று பகல் முழுதும் அங்கே நிற்பவர் ஆய்வாளர் ஒருவரே.