கொஞ்சம் முகர்ந்து பாருங்களேன்

எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று நாமும் கையை நீட்டுவோம். அவர் கை பாதி வழியில் திரும்பி, மணிக்கட்டு நம் மூக்குக்கு நேரே வந்து நிற்கும். "சார், கொஞ்சம் முகர்ந்து பாருங்களேன்." நாடி பார்க்க வைத்தியரிடம் கையை நீட்டுகிறவர்கூட இத்தனை ஆவலோடு நீட்ட மாட்டார்.

இவரைப் பழைய 'சென்ட்' ஆசாமிகளோடு சேர்த்துவிடக் கூடாது. அவர்கள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது சட்டையில் இரண்டு, கைக்குட்டையில் ஒன்று என்று அடித்துக்கொண்டு, வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். நம்மவர் விஷயம் தெரிந்தவர். முழுப் புட்டி வாங்கினால் வீட்டில் சண்டை வரும் என்பதால், யாரோ பெரிய புட்டியிலிருந்து பிரித்து ஊற்றி விற்கும் 5 மில்லி குப்பிகளைக் கூரியரில் வரவழைப்பார். அதுவும் அலுவலக முகவரிக்கு. ஸ்டேப்ளர் பின் இருக்க வேண்டிய டிராயரில் அவை வரிசையாகப் படுத்திருக்கும்.

எலுமிச்சை வாசனை என்றால் அவருக்கு இளக்காரம். "அதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கு, சார்." கார நெடியும் இருக்க வேண்டும், கடைசியில் பவுடர் பூசிய மாதிரி மெத்தென்றும் அடங்க வேண்டும். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஷாலிமார் என்கிற சென்ட் 1925-ல் பாரிஸில் வந்தது, ஓபியம் என்கிற சென்ட் 1977-ல் வந்தது, அடுத்த வருஷம் நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் அதற்குப் பெரிய விருந்தே நடந்தது, அபின் என்று அர்த்தம் வரும் அந்தப் பெயரை எதிர்த்து அமெரிக்கச் சீனர்கள் போராடினார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். ஐரிஸ் செடியின் கிழங்கை வருஷக்கணக்கில் உலர்த்தி வைத்தால்தான் அந்தப் பவுடர் வாசம் வரும் என்பார். எல்லாம் உண்மைதான். மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற நாளில் சொல்கிறார் என்பதுதான் சங்கடம்.

ஒருமுறை முகர்ந்துவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைக்கிறவர்கள் ஏமாளிகள். "முதல்ல வர்றதை நம்பக் கூடாது சார், அது டாப் நோட். பதினஞ்சு நிமிஷத்துல ஓடிடும். காய்ஞ்சப்புறம் நிக்குதே, அந்த டிரை டவுன்தான் விஷயமே." ஆகையால் பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டுக்கு "இப்ப பாருங்க" என்று ஒரு தரம், டீ வரும்போது இன்னொரு தரம். வருகைப் பதிவேடு தனியே எதற்கு என்று தோன்றும்.

போன வாரம் ஓபியம் முறை. அக்கவுண்ட்ஸ் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நிதானமாக முகர்ந்து, உண்மையான கரிசனத்தோடு கேட்டார்: "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வர்றீங்களா சார்?" நம்மவர் முகம் செத்துவிட்டது. ஆனால் மேடத்தின் மூக்கைக் குறை சொல்ல முடியாது. ஓபியத்தில் கிராம்பு வாசம் உண்டு. கிராம்புக்கு அந்த வாசனையைக் கொடுப்பது யூஜினால். பல் வைத்தியர் பல்லில் வைக்கும் மருந்திலும் அதே யூஜினால்தான். பாரிஸ் எவ்வளவு பாடுபட்டாலும், நம் ஊர் மூக்குக்கு அது முதலில் கடைவாய்ப் பல்லைத்தான் ஞாபகப்படுத்தும். வீட்டிலும் நிலைமை இதேதான். குப்பியோடு வந்த சீட்டை அவர் மனைவி வாங்கிப் படித்தாராம். "கிராம்பு, பட்டை, மிளகு, மல்லி... ஏங்க, இதுக்கு ஆட்டுக்கறி எப்ப வாங்கிட்டு வரப்போறீங்க?"

உண்மையில் இவர் பாவம். ஒரே வாசனை விடாமல் அடித்தால் சில நிமிஷங்களில் மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். எல்லா மூக்கும் அப்படித்தான். கைக்காசைப் போட்டு வாங்கியவருக்கு அது பத்து நிமிஷ சுகம். பக்கத்து நாற்காலிக்காரருக்கு நாள் முழுக்க இலவசம். தனக்கு வரவில்லை என்றால் போய்விட்டது என்று முடிவுகட்டி, பாத்ரூமுக்குப் போய் இன்னும் இரண்டு அடித்துக்கொண்டு வருவார். சென்னையில், மே மாதத்தில். லிப்டில் அவர் ஐந்தாவது மாடியில் இறங்கிய பிறகும் வாசனை எட்டாவது வரை போகும். நடுவில் ஏறுகிறவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொள்வார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று மாடிப்படி ஏறுகிறவர்கள் எங்கள் அலுவலகத்தில் கூடிக்கொண்டே வருகிறார்கள்.

இதுவரை மனம் நிறைந்து பாராட்டியவர் வாசலில் உட்கார்ந்திருக்கும் செக்யூரிட்டி ஒருவர்தான். "நல்லா கமகமன்னு இருக்கு சார்." அந்த ஒரு வார்த்தைக்காகவே நம்மவர் வாசலில் நடையைத் தளர்த்துவார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே அவர் அம்மா, "ஏண்டா, ஜவ்வாதா பூசியிருக்க?" என்று கேட்டுவிட்டார். பாரிஸ், கப்பல், கிழங்கு எல்லாம் எடுபடவில்லை. அம்மா உள்ளே போய், சாமி அலமாரியிலிருந்து கட்டைவிரல் உயரச் சின்னப் புட்டியை எடுத்து வந்து, ஒரு சிட்டிகைப் பொடியை மகனின் இன்னொரு கையில் தேய்த்துவிட்டார். "உங்க தாத்தா தினம் சட்டைக் காலர்ல இதைத் தடவிட்டுத்தான் சந்தைக்குப் போவாரு. யாரையும் புடிச்சு நிறுத்தி மோந்து பாருன்னு சொன்னதில்ல."

வேறொருவராயிருந்தால் அத்தோடு திருந்தியிருப்பார். நம்மவர் அந்தப் புட்டியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடியில் ஜவ்வாது, மேலே ஓபியம். இதற்கு 'லேயரிங்' என்று பெயராம். திங்கட்கிழமை காலை இரட்டைப் பூச்சோடு வாசலுக்கு வந்தார். வழக்கம்போல நடையைத் தளர்த்தினார்.

செக்யூரிட்டி எழுந்து, தொப்பியைக் கழற்றி, வலது உள்ளங்கையைப் பவ்யமாக நீட்டினார்.

"கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா சார்? துண்ணூறு இருந்தா கொஞ்சம் குடுங்க."