பொறுத்தார் குரூப் ஆள்வார்

டிஎன்பிஎஸ்சி குரூப் 2 என்பது தேர்வு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அது ஒரு வாழ்க்கைமுறை. 2022 பிப்ரவரியில் அறிவிக்கை. மே 21-ல் முதல்நிலைத் தேர்வு. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25-ல். அதன் முடிவு 2024 ஜனவரியில். அறிவிக்கை வந்தபோது பெண் பார்க்கத் தொடங்கிய வீட்டில், முடிவு வருவதற்குள் பேரன் தவழ்ந்திருக்கலாம். அப்பாவின் பணிநியமனம்தான் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்தது.

தேர்வாணையத்துக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். 150 ரூபாய் கட்டிச் செய்யும் ஒருமுறைப் பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், நாம்தான் கவனிக்கவில்லை.

விடைத்தாளில் ஐந்தாவதாக ஒரு வட்டம் உண்டு: ‘விடை தெரியவில்லை’. தெரியாததையும் நாம் கறுப்பு மையில் ஒப்புக்கொள்ள வேண்டும். “முடிவு எப்போது வரும்?” என்று நாம் கேட்டால் பதிலுக்கு அப்படியொரு வட்டத்தை நிரப்ப அங்கே யாரும் இல்லை.

அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. அந்தத் தேர்வில் நேர்முகம் இருந்த பதவி என்றால் அதுவும் இருந்தது. இதில் கலந்தாய்வு மட்டும் மின்னல் வேகம். ஈராண்டு காத்திருந்தவர், மாவட்டத்தையும் துறையையும் சில நிமிடங்களில் சொல்லியாக வேண்டும்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தமிழ்வழி இடஒதுக்கீடு கேட்பதாக இருந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழில் படித்ததற்கான சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெறுவதற்குள்.