எண்ணெய் இல்லாத பாவம்

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் 'ட்ரைகிளிசரைடு 248' என்று இருந்த இடத்தில் டாக்டர் ஒரு வட்டம் போட்டார். 150-க்குள் இருக்க வேண்டுமாம். வட்டம் போட்ட பேனாவாலேயே மேஜையைத் தட்டி, "பஜ்ஜி, வடை, சிப்ஸ், எண்ணெயில பொரிச்சது எதுவும் இனிமே வேண்டாம்" என்றார். அதற்குப் பிறகும் அவர் ஏதோ சொன்னார். பஜ்ஜி போன துக்கத்தில் இருந்த எனக்கு அது காதில் ஏறவில்லை.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு விஷயம் போன இரண்டாம் நாள் ஏர் ஃப்ரையர் வந்து இறங்கியது. ஹெல்மெட்டுக்குக் கைப்பிடி வைத்தது போல ஒரு கறுப்பு உருவம். அம்மா அதை ஒரு முறை வலம் வந்தாள். அவளுக்கு வயது 84.

"இதுல தீ எங்கடா இருக்கு?"

"தீ இல்லம்மா. சூடான காத்துதான்."

"காத்துல வேகுமா? அப்ப சித்திரை வெயில்ல நாமெல்லாம் வெந்திருக்கணுமே."

அன்றிலிருந்து அதன் பெயர் எங்கள் வீட்டில் காத்தடுப்பு. யோசித்துப் பார்த்தால் கம்பெனி வைத்த பெயரைவிட இதுதான் நேர்மையானது. அது எதையும் பொரிப்பதில்லை. மேலே ஒரு காயில், அதற்கும் மேலே ஒரு ஃபேன். காயிலின் சூட்டை ஃபேன் வேகமாகச் சுழற்றி அடிக்கிறது. அவ்வளவுதான், ஒரு குட்டி ஓவன். ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற டச்சுக்காரரின் யோசனையை வாங்கி, பிலிப்ஸ் 2010-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருளைக்கிழங்கைக் குறைந்த எண்ணெயில் மொறுமொறுப்பாக்கத்தான் அவர் மெனக்கெட்டார். மெதுவடையைப் பற்றி அவர் நினைத்தே பார்க்கவில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வடையில் ஓட்டை இருக்க வேண்டும் என்பது விதி. மாவு கூடை வழியாக இறங்கியதில், ஓட்டையில் வடை இருந்தது.

இன்னொரு சங்கடம் கரண்ட். 1500 வாட் இழுக்கும் சாமானுக்குப் பவர் பிளக் வேண்டும். காலியாக இருந்தது வாஷிங் மெஷின் பிளக் மட்டுமே. அதனால் காத்தடுப்பு வாஷிங் மெஷின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. துணி ஓடினால் பலகாரம் இல்லை, பலகாரம் ஓடினால் துணி இல்லை. இந்த ஏற்பாட்டில் என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

இனிப்புப் பக்கம் நான் திரும்பியது ஒரு வீடியோவால். அன்னாசித் துண்டின் மேல் சர்க்கரை தூவுகிறார்கள், உள்ளே தள்ளுகிறார்கள், வெளியே வரும்போது தங்கத் தகடாக வருகிறது. நான் கணக்குப் போட்டேன். டாக்டர் தடுத்தது எண்ணெயை. அன்னாசியில் எண்ணெய் இல்லை. சர்க்கரையிலும் இல்லை. பாங்கில் முப்பது வருடம் லோன் ஃபைல் பார்த்தவன் நான். நிபந்தனையில் எழுதாததைத் தடை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

அன்னாசியை வட்டமாக நறுக்கி, பட்டர் பேப்பர் விரித்து அடுக்கி, மேலே வெள்ளைச் சர்க்கரையும் பட்டைப் பொடியும் தாராளமாகத் தூவி, 200 டிகிரி வைத்தேன். பட்டைப் பொடி முதல் நிமிடத்திலேயே ஃபேன் காற்றில் எழும்பி அறை முழுக்க மணந்தது. சந்தோஷப்பட்டேன். அடுத்து, பழம் அழ ஆரம்பித்தது. அன்னாசியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு தண்ணீர். அந்த ஈரம் இருக்கிறவரை பழத்தின் மேல் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சர்க்கரை நிறம் மாறத் தொடங்கவோ 160-ஐத் தாண்ட வேண்டும். ஆகவே சர்க்கரை சிவக்கவில்லை, கரைந்தது. கரைந்து, பேப்பரின் ஓரம் வழிந்து, கூடையின் ஓட்டை வழியாக அடித்தட்டுக்குப் போனது. அங்கே ஈரம் வற்றியதும் 160-ஐத் தாண்டியது, அதற்கு மேலும் தாண்டியது. இதற்கிடையில் ஒரு பக்கம் லேசாகிப்போன பட்டர் பேப்பர் எழுந்து காயிலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாடிக்காரர் வந்து கதவைத் தட்டி, "சார், வீட்டுல ஏதும் ஹோமமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

கூடையை வெந்நீரில் ஊறப்போட்டு நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது மகள் போனில் ஆறுதல் சொன்னாள். பிரான்சில் லாமோத் பவ்ரோன் என்ற ஊரில் ஹோட்டல் நடத்திய தத்தான் சகோதரிகள், ஆப்பிளை வெண்ணெயிலும் சர்க்கரையிலும் போட்டுக் கவனிக்காமல் விட்டதில்தான் உலகப் புகழ் பெற்ற 'தார்த் தத்தான்' பிறந்ததாம். அப்படித்தான் அங்கே கதை சொல்கிறார்களாம்.

"அவங்க கருக்குனத மாவு போட்டு மூடிக் குடுத்தாங்கப்பா. நீங்களும் ட்ரை பண்ணுங்க."

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "பாகு கருகினா அதுக்கு ஒரு பேரு வச்சு காசு வாங்குவாங்களா?" என்றாள். அவள் அகராதியில் பாகுக்குப் பல படிகள் உண்டு. விரலிடுக்கில் இழுத்தால் ஒற்றைக் கம்பி. தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு சொட்டு விட்டு உருட்ட வந்தால் அதிரசத்துக்குச் சரி. அந்த உருண்டையைத் தட்டில் போட்டு 'டங்' என்று கேட்டால் பொரியுருண்டைக்குச் சரி. அதற்கு மேல் போனால் 'பாகு முத்திப்போச்சு', திட்டு விழும். இன்னும் மேலே போனால் கருகல். பாத்திரத்தோடு கொல்லைக்குப் போகும். முத்தலுக்கும் கருகலுக்கும் நடுவே, எங்கள் வீட்டில் யாரும் நின்று பார்க்காத அந்த அரை நிமிடத்துக்குப் பெயர்தான் கேரமல் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

விளங்கிய பிறகு காரியம் சுளுவாகிவிட்டது. தோல் கறுத்து, இன்னும் ஒரு நாள் விட்டால் ஈ மொய்க்கும் பருவத்தில் இருக்கும் நேந்திரன்தான் இதற்கு வாகு. பழுக்கப் பழுக்க அதன் மாவெல்லாம் சர்க்கரையாகிவிடுகிறது. ஈரமும் அன்னாசியைவிடக் குறைவு. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பேப்பர் வேண்டாம், சின்ன எவர்சில்வர் தட்டில் வெட்டுப் பக்கம் மேலே பார்க்க வைக்க வேண்டும். ஒரு விரல் நெய். நெய்யும் எண்ணெயும் ஒன்றல்ல என்பது அப்போது என் உறுதியான நிலைப்பாடு. 180 டிகிரியில் எட்டு நிமிடம், மேற்புறம் உலர்ந்த பிறகே நாட்டுச் சர்க்கரை, பிறகு இன்னும் நான்கு நிமிடம். சர்க்கரையை முதலிலேயே போடுகிறவன் என்னைப் போலக் கூடை சுரண்டுவான்.

கடைசி இரண்டு நிமிடம் பார்க்க வேண்டியது. தட்டை இழுத்தால் பழத்தின் விளிம்பில் தேன் நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பி உடைகின்றன. நடுவில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகவே இருக்கும். ஓரம் மட்டும் செம்பு. ஆற விட்டுக் கரண்டியால் தட்டினால் மேல் ஓடு 'டிக்' என்று உடைந்து, உள்ளே அல்வா. அம்மா மணை போட்டு வாஷிங் மெஷின் முன்னால் உட்கார்ந்து, மூக்கை மட்டும் நம்பி, "இப்ப எடு" என்பாள். மணி அடிக்க இன்னும் பத்து வினாடி இருக்கும். ஒரு நாளும் அவள் தவறவில்லை.

பிறகு என்ன, ஆப்பிள், கொய்யா, பேரிக்காய் என்று மூன்று மாதம் எங்கள் வீட்டில் பழவிழா நடந்தது. பப்பாளி கூழாகிப்போனது, அதையும் சாப்பிட்டேன். பஜ்ஜிக் கடையைத் தாண்டும்போது தலை நிமிர்ந்து நடந்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் வாழ்கிறவனுக்கு வரும் நடை அது.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். 263.

டாக்டர் பழைய காகிதத்தையும் புதிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "எண்ணெயை விட்டீங்களா?"

"சொட்டு கூட இல்ல டாக்டர். வேணும்னா இவங்கள கேளுங்க."

மனைவி சீலிங் ஃபேனைப் பார்த்தாள்.

"இனிப்பு?"

"பழம்தான் டாக்டர்."

"பழத்துக்கு மேல என்ன போட்டீங்கன்னும் சொல்லிடுங்க" என்றாள் ஃபேனிடம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். தேவைக்கு மேல் உள்ளே போகிற சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றிவிடுமாம். அந்தக் கொழுப்புதான் ட்ரைகிளிசரைடாம். கடையில் எண்ணெய் வாங்குவதை நான் நிறுத்தியிருந்தேன். வயிற்றுக்குள் ஒரு செக்கு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "போன தடவையே சொன்னேனே, எண்ணெயும் இனிப்பும்னு" என்றார். காதில் ஏறாத மிச்சப் பாதி அதுதான்.

இப்போது வாரத்துக்கு ஒரு நாள், சர்க்கரையும் நெய்யும் இல்லாமல், பாதி நேந்திரன் எனக்கு அனுமதி. தன் சர்க்கரையிலேயே ஓரம் சிவந்து அது நன்றாகத்தான் வருகிறது. மீதிப் பாதிக்கு நாட்டுச் சர்க்கரை தூவி, நெய் விட்டு, அம்மா மணையை இழுத்துப் போட்டு உட்கார்கிறாள். நேற்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பாள் போல.

"என்னடா பாக்குற? டாக்டர் வட்டம் போட்டது உன் காகிதத்துலதான. எனக்கு ஒண்ணும் சொல்லலயே" என்றாள்.

நிபந்தனையில் எழுதாதது தடை ஆகாது. அவள் பாங்கில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை.