வெண்டைக்காய் அண்ணாச்சி

குடத்தைத் தட்டிப் பார்க்காமல் வாங்குகிற ஊரில்லை எங்கள் ஊர். முப்பது வருஷமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் 2021 சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன்.

"அண்ணாச்சிக்கு ஊரெல்லாம் பழக்கம். நின்னா போதும்" என்று டீக்கடையில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றியவர்களில் மூன்று பேர் கடையில் பாக்கி. அது அப்போது உறைக்கவில்லை.

சுயேச்சை என்றால் தொகுதிக்காரர் 10 பேர் முன்மொழிய வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய். 1996-இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்று வாக்குச்சீட்டைப் புத்தகமாக்கினார்கள். அந்தக் காலத்தில் டெபாசிட் வெறும் 250. எந்தச் சரக்கையும் விலை ஏறிய பிறகு கொள்முதல் செய்வது என் ஜாதகம்.

சின்னத்துக்கு வாளி கேட்டேன். கடை வாசலில் எப்போதும் தொங்குவதுதானே, விளம்பரச் செலவு மிச்சம். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்க, சீட்டுக் குலுக்கினார்கள். வாளி அவருக்குப் போனது, எனக்கு வெண்டைக்காய். மறுநாள் கடையைத் திறந்தால் நாற்பது எவர்சில்வர் வாளிகள் பளபளவென்று எதிராளிக்குப் பிரசாரம் செய்துகொண்டிருந்தன. இறக்கிச் சாக்குப் போட்டு மூடினோம். சாயங்காலம் அவருடைய ஆள் வந்து, "அண்ணாச்சி, ஊர்வலத்துக்கு ரெண்டு டஜன் வாளி வேணும்" என்றான். அரசியல் வேறு, வியாபாரம் வேறு. கொடுத்தேன், கொஞ்சம் கூடுதல் விலைக்கு.

செலவுக்குச் சட்டம் 30 லட்சத்து 80 ஆயிரம் வரை அனுமதித்தது. வீட்டுக்காரி முப்பதாயிரத்தோடு நிறுத்திவிட்டாள்.

ஓட்டுக் கேட்கப் போனால், தெருமுனையில் என் தலை தெரிந்ததுமே கதவுகள் சாத்திக்கொண்டன. வசூலுக்கு வருகிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் ஜன்னல் வழியாக, "அடுத்த மாசம் தந்துடறேன்யா" என்றாள்.

"பணம் வேண்டாம் பாட்டி, ஓட்டுப் போட்டா போதும்."

"அதையும் சேர்த்து அடுத்த மாசமே தந்துடறேன்."

பாக்கியையெல்லாம் தள்ளுபடி செய்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். "அது லஞ்சக் கணக்கில் வரும், அண்ணாச்சி" என்றார் கணக்குப்பிள்ளை. ஆக, கடனை வசூலித்தால் ஓட்டுப் போகும். விட்டுக்கொடுத்தால் வழக்கு வரும். இப்படியொரு இக்கட்டில் எந்தப் பெரிய கட்சியும் மாட்டியிருக்காது.

மே 2-ஆம் தேதி எண்ணினார்கள். டெபாசிட் திரும்ப வேண்டுமானால் செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டும். எனக்கு விழுந்தது 187. கடன் நோட்டில் 341 பெயர்கள் இருக்கின்றன. கணக்குப்பிள்ளை பத்தாயிரத்தையும் வராக்கடன் பக்கத்தில் எழுதிவிட்டார்.

மறுநாள் எதிராளியின் ஆள் இரண்டு டஜன் வாளியையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்தான். அவருக்கும் டெபாசிட் போயிருந்தது. "பாதி விலைக்காவது எடுத்துக்குங்க, அண்ணாச்சி."

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஏழில் நெளிசல்.